சிவப்பை வெளியே காயப்போடாத ஊர்

காலையிலேயே அந்தச் சிவப்புப் புடவையைக் கம்பத்தில் கட்டியிருந்தால் என் தம்பிக்கு இன்றைக்குக் காது கேட்குமா?

இந்தக் கேள்வியை இரண்டு மூன்று டாக்டர்களிடம் கேட்டுவிட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அம்மாவிடம் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். தம்பியிடம் ஒருமுறை கேட்டேன். அவன் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன், இப்போது அதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

இன்று காலை நடந்தது இதுதான். என் கணவர் துணி காயப்போட்டார். போடட்டும், நல்லதுதானே. ஆனால் மகள் யாழினியின் சிவப்புத் துண்டை பால்கனியின் வெளிக்கம்பியில், பெங்களூர் சாலையில் போகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி, விரித்துப் போட்டிருந்தார். நான் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடிப்போய் அதை உருவிக்கொண்டு வந்தேன்.

"என்னம்மா, காக்கா ஏதும் பண்ணிடுச்சா?" என்றார்.

"இல்ல. சிவப்பு வெளிய வேணாம்."

"ஏன், சாயம் போயிடுமா?"

ஆமாம் என்று சொல்லி வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் சிவப்பு நிறம் எதுவும் வெளியே காய்ந்ததில்லை. அவர் சேலத்துக்காரர், ஐ.டி. வேலை, எதையும் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்கிற மனிதர். ஆனாலும் இதை மட்டும் சாயம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.

யாழினிக்கு நேற்று மாலையிலிருந்து உடம்பு சுடுகிறது. மூன்று வயது. போன வாரமும் சுட்டது, தூக்கிக்கொண்டு ஓடினேன். நேற்றும் ஓடினேன். எங்கள் சென்னீர்குப்பத்தில் கிளினிக்குக்கா பஞ்சம்? இங்கிருந்து கரையான்சாவடி போகிற வழியில் பேக்கரி மாடியில் ஒன்று, மருந்துக்கடைக்குப் பின்னால் ஒன்று, பல் டாக்டருக்குப் பக்கத்தில் ஒன்று. நான் மாடிப்படி ஏறுவதைப் பார்த்ததுமே நேற்று வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். "வாங்க மேடம். இன்னிக்கு பாப்பாக்கா, உங்களுக்கா?" என்றாள். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, வைரல்தான், பயப்படாதீங்க, குறையலைன்னா வாங்க என்றார்.

குறையலைன்னா. எவ்வளவு நேரம் குறையலைன்னா? அதைக் கேட்கத்தான் போனேன், கேட்காமல் வந்துவிட்டேன்.

இப்போது அவள் சோபாவில் தூங்குகிறாள். அரை மணி நேரத்துக்கு முன்பு மருந்து கொடுத்தேன். இந்தக் காலத்துக் காய்ச்சல் மருந்தில் ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கிறது, வீடு முழுக்க மிட்டாய்க்கடை மாதிரி இருக்கிறது. எனக்கோ காய்ச்சல் மருந்து என்றால் சாக்பீஸ் வாசனைதான் ஞாபகம் வரும். நாங்கள் அப்போது இருந்த தீவில் மாத்திரைகளெல்லாம் பள்ளிக்கூட அலமாரியில், சாக்பீஸ் டப்பாவுக்குள் இருந்தன.

தீவு என்றதும் தென்னை மரமும் வெள்ளை மணலும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பழவேற்காட்டு ஏரிக்குள் சேறும் கருவேலமுமாக ஒரு மேடு. அதன்மேல் மீன் பிடிக்கிறவர்களின் குடிசைகள், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார் என் அப்பா. முதல் வேலையே அங்கே என்று உத்தரவு வந்தது. அம்மா திருமழிசையில் வயலும் வரப்புமாக வளர்ந்தவள். ஏரி என்றால் மதகு திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற ஏரியைத்தான் தெரியும். கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணீர், நடுவில் தன் வீடு என்று வந்து இறங்கியபோது, "இதுலேர்ந்து எப்படிங்க வெளிய போறது?" என்றுதான் முதலில் கேட்டாளாம். அப்பா படகைக் காட்டியிருக்கிறார். காற்று சாதகமாக இருந்தால் காலையில் கிளம்பி உச்சி வெயிலுக்குள் கரை சேரலாம். எதிர்க்காற்று என்றால் அது வைத்ததுதான் நேரம். கோடையில் தண்ணீர் வற்றிவிட்டால் சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

டாக்டர் அந்தக் கரைக்கும் அப்பால் இருந்தார். வாரம் ஒருமுறை நர்ஸ் அம்மா தடுப்பூசிப் பெட்டியோடு படகில் வருவார், காற்று விட்டால். அவருடைய குடை தண்ணீரின்மேல் தெரிந்ததும் பிள்ளைகள் நாங்கள் வலைக்குவியலுக்குள் புகுந்து ஒளிந்துகொள்வோம். மற்ற நாட்களில் அரசாங்கம் கொடுத்த மாத்திரைகள் அப்பாவிடம். "சாரு, தல நோவுது" என்று யாராவது வாசலில் நிற்பார்கள். அப்பா பாதி வாய்ப்பாட்டில் நிறுத்திவிட்டு எடுத்துக் கொடுப்பார். மாத்திரையில் சாக்பீஸ் தூள் அப்பியிருக்கும். அதோடுதான் விழுங்கினோம். ஒருவேளை அந்தத் தூளால்தான் குணமானோமோ என்னவோ.

பிரசவம் நெருங்கினால் பெண்களைப் பத்து நாள் முன்பே கரைக்கு அனுப்பி, சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிடுவார்கள். வயதானவர்கள் விழுந்துவிட்டால் நாற்காலியில் உட்கார வைத்துப் படகில் ஏற்றுவார்கள். கைப்பிடி வைத்த நாற்காலி ஊரிலேயே ஒன்றுதான், அது அப்பாவுடையது. அப்பா நின்றுகொண்டு பாடம் நடத்தினால் ஊரில் யாரோ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்று நாங்களே தெரிந்துகொள்வோம். நாற்காலி திரும்பி வரும்போது கால்களில் சேறு காய்ந்திருக்கும். அப்பா அதைச் சுரண்டிவிட்டு உட்காருவார். சிலமுறை நாற்காலி மட்டும் திரும்பி வந்தது.

இருங்கள், நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சுடத்தான் செய்கிறது. நேற்று இருந்த அளவா, கூடவா என்று என் கைக்குத் தெரியவில்லை. பாத்திரம் கழுவிய கை, ஜில்லென்று இருக்கிறது. இந்தக் கையால் தொட்டால் எதுவும் சூடாகத்தானே தெரியும்? தெர்மாமீட்டர் வைத்தால் எழுந்துகொள்வாள். சரி, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.

சிவப்புத் துணிக்கு வருகிறேன். அந்த ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். உங்கள் பாடு வருகிற நாளில் அந்த இடம் உங்களுடையது. தவறவிட்டால் மறுபடி உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆண்கள் எல்லோரும் தண்ணீரில் இருக்கும்போது வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் என்ன செய்வது? போன் கிடையாது, கத்தினால் காற்று கொண்டுபோய்விடும். அதனால் தீவின் கரையில் ஒரு சவுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். பெண்கள் அதில் சிவப்புத் துணியைக் கட்டுவார்கள். ஏரியில் யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் வலையை அப்படியே போட்டுவிட்டு வர வேண்டும். வந்தவருக்குப் பாடு போய்விடும். மற்றவர்கள் அவரவர் வலையில் விழுந்ததில் ஒரு பங்கு அவருக்கு எடுத்து வைப்பார்கள். அதனாலேயே அந்த ஊரில் யாரும் சிவப்பை வெளியே காயப்போட மாட்டார்கள். பாவாடையோ துண்டோ, எல்லாம் வீட்டுக்குள் கொடியில்தான். மார்கழியில் அம்மனுக்கு மாலை போட்டுக்கொள்கிறவர்களின் சிவப்பு வேட்டிகூட உள்ளேதான் காயும்.

இதை யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்களா?

போன முதல் வருடம், மழை விட்டதும், அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கூரைப்புடவையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. நல்ல அரக்குச் சிவப்பு. எங்கே வெயில் நன்றாக அடிக்கிறது என்று பார்த்தாள். கரையில் அழகாக ஒரு கம்பம். கட்டிவிட்டு வந்து சோறு வடித்தாள்.

நான் வாசலில் இருந்தேன். ஏரியிலிருந்து ஒரு படகு இல்லை, மூன்று படகுகள் வேகமாக வந்தன. முதலில் குதித்தவர் பக்கத்து வீட்டு ஏழுமலை மாமா. இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்தார்.

"இன்னா வாத்தியாரம்மா? யாருக்கு இன்னா ஆச்சு? சாருக்கா?"

அம்மா கரண்டியோடு நின்றாள். "யாருக்கும் ஒண்ணும் இல்லீங்களே... பொடவை பூஞ்சணம் புடிச்சுது. அதான் காயட்டும்னு..."

வந்தவர்கள் கம்பத்தைப் பார்த்தார்கள், கரண்டியைப் பார்த்தார்கள். பிறகு ஏழுமலை மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொடவைக்கா ஒடம்பு செரியில்ல? சரி, தூக்கிப் படகுல போடு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்."

கரையே சிரித்தது. அவர் மனைவி குப்பம்மா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவர்கள் பாடு போனதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. ஈடாகக் கொடுக்க எங்களிடம் வலையும் இல்லை, மீனும் இல்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். குப்பம்மா மட்டும் விடவில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் எங்கள் வேலிக்கு வந்து நிற்பாள். "வாத்தியாரம்மா, பொடவை எப்டி கீது? சொரம் வுட்டுச்சா?" எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். குப்பம்மா வேறு யாரையும் அப்படிச் சீண்டியதில்லை. அம்மா மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும், உள்ளே வந்ததும் முகம் மாறிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருடம் பனிக்காலம். அப்பா சம்பளம் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்தார். தம்பி மணிக்கு யாழினி வயதுதான். காலையில் எழும்போதே உடம்பு கொதித்தது. அம்மா சாக்பீஸ் டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துப் பாதியைக் கரைத்துக் கொடுத்தாள். வாந்தி எடுத்தான். ஈரத்துணி போட்டாள். கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு வீறிட்டான், சாத்தினால் முனகினான்.

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மடிப்புக் கலையாமல் திரும்பப் பெட்டியில் வைத்தாள். மறுபடி தம்பியிடம் போனாள். மறுபடி பெட்டியிடம் வந்தாள்.

"அம்மா, கட்டலையா?" என்று கேட்டேன்.

"வெறும் காய்ச்சல்தான். மாத்திரை கேக்கட்டும். அதுக்குள்ள எல்லாரையும் ஏன் கூப்பிட்டுகினு?" என்றாள்.

சுடும், கொஞ்சம் குறைவது போல இருக்கும், மறுபடி சுடும். சோறு வடிக்கிற நேரம் போயிற்று. வெயில் சாய ஆரம்பித்தது. குப்பம்மா ஏதோ பாத்திரம் கொடுக்க வந்தாள். வாசலிலிருந்தே, "இன்னா, பொடவை..." என்று ஆரம்பித்தவள் தம்பியைப் பார்த்துவிட்டாள். குனிந்து அவன் தலையைத் தூக்கப் பார்த்தாள். கழுத்து வளையவில்லை.

"எப்பலேர்ந்து இப்டி கீறான்?"

"காலையிலேர்ந்து."

"காலையிலேர்ந்தா? அப்புறம் ஏன் கட்டல?"

அம்மா குப்பம்மாவையே பார்த்தாள். குப்பம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்து புடவையை உருவி அம்மாவின் கையில் திணித்தாள். அம்மா அப்போதும் தயங்கினாள். அதுவரை வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்த குப்பம்மா கத்தினாள்:

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாளுங்க! நீ கட்டுடீ!"

இருவருமாக ஓடினார்கள். புடவை காற்றில் விரிந்தது. இந்தமுறையும் முதலில் திரும்பியது ஏழுமலை மாமாவின் படகுதான். அன்றைக்கு அவருக்குப் பாடா இல்லையா, எனக்குத் தெரியாது. போன தடவை ஏமாந்தோமே என்று ஒரு நொடி யோசித்திருப்பாரா? படகு வந்த வேகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அப்பாவின் நாற்காலியைப் படகில் போட்டு, அம்மாவை உட்கார வைத்து, மடியில் தம்பியைக் கொடுத்தார்கள். எதிர்க்காற்று. நான் குப்பம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். படகு வெகுநேரம் கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது. அவ்வளவு மெதுவாகப் போயிற்று.

மூளைக்காய்ச்சல் என்றார்கள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் இருந்தான். பிழைத்து வந்தான். ஊரே கரைக்கு வந்து தூக்கிக் கொஞ்சியது. மறுநாள் அப்பா பள்ளிக்கூட மணியை அடித்தார். மணி என்றால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, அடித்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் துள்ளிவிடுவார்கள். தம்பி அதற்கு நேர் கீழே உட்கார்ந்து மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. அப்பா இன்னொரு முறை அடித்தார். பிறகு அடித்துக்கொண்டே இருந்தார். வகுப்புக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகும் நிறுத்தவில்லை.

குப்பம்மா அதன்பிறகு அம்மாவைக் கிண்டல் செய்ததே இல்லை. வேலியோரம் வருவாள், நிற்பாள், மீன் கொடுப்பாள், போய்விடுவாள். அம்மா ஒருநாள் தானே, "என்ன குப்பம்மா, பொடவையப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டேங்கற?" என்று சிரித்துப் பார்த்தாள். குப்பம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

தம்பிக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அப்பா மாற்றல் வாங்கினார், ஆவடிக்கு வந்தோம். இன்று தம்பி மணி திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டுகிறான். அங்கே போடுகிற சத்தத்தில் மற்றவர்களெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள, தனக்கு அந்தச் செலவு இல்லை என்று போனில் எழுதி அனுப்புவான். முதலில் நான் போட்ட கேள்வியை அவனிடம் அப்படித்தான் எழுதிக் கேட்டேன். அவன் பதில்: "எனக்கு அந்தப் படகே ஞாபகம் இல்லை அக்கா. நீ எப்போ எறங்கப் போறே?"

நல்ல பதில்தான். ஆனால் எனக்கு இறங்கத் தெரியவில்லையே. பிள்ளைக்குத் தும்மல் வந்தாலும் ஓடுகிறேன். ஓடிப்போய் அவமானப்படுகிறேன், அந்த அவமானத்தால் அடுத்தமுறை தயங்குகிறேன். தயங்கினால் டிரங்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்த அம்மா ஞாபகத்துக்கு வருகிறாள், மறுபடி ஓடுகிறேன். அம்மாவிடம் யோசனை கேட்கலாம் என்றால், அவளிடம் இருப்பது ஒரே பதில்தான். சளி என்றாலும், சிராய்ப்பு என்றாலும், நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் போனில் "கெளம்பு" என்பாள். வேறு எதுவும் சொல்ல மாட்டாள். சற்று முன்பும் பேசினேன். "நேத்துதான்மா காட்டினேன்" என்றேன். "கெளம்பு" என்றாள்.

கணவர் அடுத்த அறையில் மீட்டிங்கில் இருக்கிறார். கதவைத் திறந்து சைகையால் கேட்டேன். காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "நேத்துதானே போயிட்டு வந்தோம்? சாயந்தரம் பாக்கலாமே" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை அந்தத் தீவுக்குப் போய்வந்தேன். இப்போது இன்ஜின் படகு, பேசி முடிப்பதற்குள் கரை வந்துவிடுகிறது. செல்போன் டவர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் நாற்காலி. எதுவும் பழையபடி இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை, சத்தியமாக. அந்த டவர் மட்டும் அப்போது இருந்திருந்தால்... சரி, விடுங்கள். ஏழுமலை மாமாவும் குப்பம்மாவும் இல்லை, காலமாகிவிட்டார்கள். அவர்கள் மருமகள் டீ கொடுத்தாள். கரையில் கம்பம் இருந்த இடத்தில் நைலான் கொடி கட்டியிருந்தது. அதில் சிவப்பு நைட்டி, சிவப்புச் சுடிதார், பிள்ளைகளின் சிவப்பு டவுசர், வரிசையாகக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. ஏரியில் படகுகள் இருந்தன. ஒன்றும் திரும்பவில்லை.

"சிவப்பு வெளிய போடறீங்களே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா, சாயம் பூடுமா?" என்றாள் அந்தப் பெண்.

இப்போது மறுபடி தொட்டுப் பார்த்தேன். இந்தமுறை கையைத் துடைத்துச் சூடாக்கிக்கொண்டு தொட்டேன். சுடுகிறது. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆகப்போகிறது, குறைந்திருக்க வேண்டும். தலையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். கழுத்து நன்றாக வளைகிறது. தூக்கத்திலேயே என் கையைத் தட்டிவிட்டாள். அப்படியானால் ஒன்றுமில்லை, சாயங்காலம் போகலாம். ஒன்றுமில்லை என்று அம்மாவும்தானே நினைத்தாள்?

ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். கீழே வந்துகொண்டிருக்கிறது. அந்த வரவேற்புப் பெண் இன்றைக்கும் ஏதாவது சொல்வாள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் இப்படியே எத்தனை நாள் ஓடுவது? பிள்ளை வளர்த்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். எப்போது பொறுக்கலாம், எப்போது கிளம்ப வேண்டும் என்று உங்களுக்கு எது சொல்லிற்று? கையா, டாக்டரா, பக்கத்து வீட்டுக்காரியா? தயவுசெய்து எழுதுங்கள். வீணாக ஓடிய கதை இருந்தால் அதையும் எழுதுங்கள், எனக்குத் துணையாக இருக்கும். பதிலை வந்து படிக்கிறேன். ஆட்டோ வந்துவிட்டது.